சந்தூக்குக்கு முந்திய இரவுகள்: புற்றுநோயாளியின் இறுதி நாட்களில் நம் கடமை





நம் மஹல்லாவில் நள்ளிரவு இரண்டு மணிக்கு ஒரு மவுத்து நிகழ்ந்தால் என்னென்ன நடக்கும் என்பதை நாம் அனைவரும் அறிவோம். மோதினாருக்குத் தகவல் போகும். கபர் வெட்டுபவர் எழுப்பப்படுவார். குளிப்பாட்டும் பலகையும் சந்தூக்கும் பள்ளிவாசலிலிருந்து வந்து சேரும். கஃபன் துணி, கற்பூரம், அத்தர் என எதற்கும் வீட்டார் அலைய வேண்டியதில்லை. ஃபஜ்ருத் தொழுகை முடிவதற்குள் ஜனாஸா நேரம் ஊர் முழுவதும் அறிவிக்கப்பட்டுவிடும். இது நம் சமுதாயத்தின் பெருமைக்குரிய பழக்கம். மய்யித்தை அடக்கம் செய்வது ஃபர்ளு கிஃபாயா என்பதைச் சிறு பிள்ளையும் அறிந்திருப்பதால் உருவான ஒழுங்கு அது.

அதே வீட்டில், அதே மனிதர், மூன்று நாட்களுக்கு முந்திய நள்ளிரவில் எப்படி இருந்தார்? ஈரலிலோ எலும்பிலோ பரவிவிட்ட புற்றுநோயின் வலியில் படுக்கையை இறுகப் பற்றிக்கொண்டு கிடந்தார். மகன் ஒவ்வொரு மருந்துக்கடையாக ஏறி இறங்கினான். மனைவி நெற்றியில் தைலம் தடவி ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தார். மருத்துவமனையோ, “இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்” என்று அனுப்பிவிட்டிருந்தது. அந்த இரவில் மஹல்லாவில் யாரை அழைப்பது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அழைத்தாலும் வருவதற்கு ஆள் இல்லை.

மவுத்துக்குப் பிந்திய இரவுக்கு நம்மிடம் ஓர் ஏற்பாடு இருக்கிறது. முந்திய இரவுகளுக்கு எதுவுமில்லை. இதைக் குறித்தே இன்று எழுத விரும்புகிறேன்.

“செய்வதற்கு ஒன்றுமில்லை” என்ற சொல்

நோயைக் குணமாக்க வழியில்லை என்பதும், நோயாளிக்குச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பதும் ஒன்றல்ல. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு தனி மருத்துவத் துறையே இருக்கிறது. பாலியேட்டிவ் கேர் என்று மருத்துவர்கள் கூறுவார்கள். தமிழில் வலிநிவாரண ஆதரவு சிகிச்சை எனப்படுகிறது. ஆயுளைக் கூட்டுவதையோ குறைப்பதையோ அது நோக்கமாகக் கொள்வதில்லை. இருக்கும் நாட்களை வலியின்றி, கண்ணியத்துடன் கழிக்க உதவுகிறது. இந்தச் சிகிச்சை தேவைப்படுவோரில் உலகளவில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மீதமுள்ளோர் தவிப்பிலேயே விடப்படுகின்றனர்.

இறுதிக் கட்டத்தில் நெருக்கடி பெரும்பாலும் இரவில் வருவதாகவே குடும்பங்கள் உணர்கின்றன. பகலில் தாங்கிக்கொண்ட வலி இரவில் பெருகுகிறது. மூச்சுத் திணறுகிறது. வாந்தி நிற்பதில்லை. சிலருக்கு வலிப்பு வருகிறது. சிலர் ஆள் தெரியாமல் பிதற்றுகின்றனர், எழுந்து ஓட முயல்கின்றனர். வாய், கழுத்துப் பகுதிப் புற்றுநோயில் இரத்தம் கசியலாம். உயிர் பிரியும் நேரம் நெருங்குகையில் தொண்டையில் கரகரப்பு எழுகிறது. அதைக் கேட்கும் பிள்ளைகள், அத்தா மூச்சடைத்துத் துடிக்கிறார் என்று பதறுகின்றனர்.

இவற்றுள் பெரும்பாலானவை முன்கூட்டியே அறியக்கூடியவை. எந்த உறுப்பில் நோய் இருக்கிறது, எங்கே பரவியிருக்கிறது என்பதைக் கொண்டு, எந்த நெருக்கடி வரக்கூடும் என்பதை அனுபவமுள்ள மருத்துவர் ஊகித்துச் சொல்ல முடியும். ஆகவேதான் பிரிட்டன் போன்ற நாடுகளில், வீட்டிலிருக்கும் இறுதிநிலை நோயாளிக்குத் தேவைப்படக்கூடிய மருந்துகளை முன்னதாகவே எழுதிக் கொடுத்து, ஒரு சிறு பெட்டியில் வீட்டிலேயே வைத்துவிடுகின்றனர். வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் ஒன்று, வாந்திக்கு ஒன்று, பதற்றத்துக்கும் வலிப்புக்கும் ஒன்று, தொண்டைச் சளி சுரப்பதைக் குறைக்க ஒன்று. உடன் ஒரு தாள். அதில் எது நேர்ந்தால் எதை, எந்த அளவு கொடுப்பது, யாரை அழைப்பது என்று எழுதப்பட்டிருக்கும். நள்ளிரவில் செவிலியர் வந்தால் மருந்தைத் தேடி அலையாமல் பெட்டியைத் திறந்து கொடுத்துவிடுவார்.

மருந்தில்லாமலே செய்யக்கூடியவையும் உண்டு. மூச்சுத் திணறுபவரைச் சாய்த்து உட்காரவைத்து, சன்னலைத் திறந்து, ஒரு சிறு மின்விசிறியின் காற்று முகத்தில் படும்படி வைத்தால் கணிசமான ஆறுதல் கிடைக்கும். தொண்டைக் கரகரப்பு உள்ளவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தால் ஒலி குறையும். அந்நிலையில் நோயாளி பெரும்பாலும் நினைவு மங்கியிருப்பார், நாம் அஞ்சுவது போன்ற வேதனை அவருக்கு இருப்பதில்லை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். இரத்தப்போக்குக்கு வாய்ப்புள்ள வீட்டில் அடர்நிறத் துண்டுகள் சிலவற்றை எடுத்து வைத்திருந்தால், வெள்ளை விரிப்பில் இரத்தத்தைக் கண்டு நோயாளியும் பிள்ளைகளும் பீதியுறுவது தவிரும். இவை எவரும் கற்றுக்கொள்ளக்கூடியவை. சொல்லித்தரத்தான் ஆளில்லை.

மார்ஃபின்: நம் நாட்டில் விளைவதும் நம் வீட்டுக்கு வராததும்

கடுமையான புற்றுநோய் வலிக்கு அடிப்படை மருந்து மார்ஃபின். உலக சுகாதார நிறுவனம் 1986-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், வலியின் கடுமைக்கேற்பப் படிப்படியாக மருந்தை உயர்த்தி, கடைசிப் படியில் மார்ஃபின் போன்றவற்றைத் தரும் முறையை வகுத்தது. வாய்வழி உட்கொள்ளும் சாதாரண மாத்திரை ஏறத்தாழ நான்கு மணி நேரம் வேலை செய்யும். ஆகவே வலி வந்த பிறகு என்றில்லாமல், கடிகாரத்தைப் பார்த்து நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். இடையில் வலி பீறிட்டால் கொடுப்பதற்கென ஒரு கூடுதல் அளவையும் மருத்துவர் எழுதித் தருவார். மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் ஏற்படும். அதற்கான மருந்தையும் சேர்த்தே தொடங்க வேண்டும்.

இம்மருந்துக்கு மூலப்பொருளான அபினை அரசின் அனுமதியுடன் மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் நம் நாட்டு விவசாயிகளே பயிரிடுகின்றனர். காஸிப்பூரிலும் நீமுச்சிலும் அரசு ஆலைகள் அதைப் பதப்படுத்துகின்றன. ஆனால் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கடுமையால், மருத்துவமனைகளே மார்ஃபினை வைத்திருக்க அஞ்சிய காலம் நீண்டது. பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. 2014-ஆம் ஆண்டு அச்சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் ஒரே அங்கீகாரத்தின் கீழ் இம்மருந்தைப் பெற்று வழங்க வழி செய்யப்பட்டது. இன்றும் தெருமுனை மருந்துக்கடையில் இது கிடைக்காது. எந்த மருத்துவமனையில் கிடைக்கும் என்பதைப் பகலிலேயே, வலி முற்றுவதற்கு முன்பே, விசாரித்து வைத்திருக்க வேண்டும். நள்ளிரவில் கடை கடையாக ஏறி இறங்கிய அந்த மகனுக்கு இதைச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் நாம்.

மூன்று தயக்கங்கள்

மருந்து கிடைத்தாலும் நம் வீடுகளில் மார்க்கத்தின் பெயரால் மூன்று தயக்கங்கள் எழுகின்றன. மூன்றையும் என்னிடம் மக்கள் கேட்டிருக்கின்றனர். மூன்றும் ஈமானிலிருந்து எழுபவை என்பதால் அவற்றை அலட்சியமாக ஒதுக்கக் கூடாது.

முதலாவது, “வலி பாவங்களைப் போக்கும், அதை ஏன் தணிக்க வேண்டும்?” முஸ்லிமுக்குத் தைக்கும் ஒரு முள்ளுக்கும் பாவமன்னிப்பு உண்டு என்பது ஸஹீஹான ஹதீஸின் கருத்து. அதை உறுதியாக நம்புகிறோம். ஆனால் முள் தைத்தால் நாம் பிடுங்கி எறிகிறோமே தவிர, நன்மை கருதி விட்டுவைப்பதில்லை. மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அய்யூப் (அலை) அவர்கள் பொறுமையின் சிகரம். அவர்களும் தமக்குத் துன்பம் தீண்டிவிட்டது என்று ரப்பிடம் முறையிட்டதை ஸூரத்துல் அன்பியா எடுத்துரைக்கிறது. நிவாரணம் தேடுவது ஸப்ருக்கு முரணானது அல்ல. மேலும், ஸப்ரு என்பது துன்பப்படுபவர் தம் உள்ளத்தால் மேற்கொள்ளும் அமல். பக்கத்து நாற்காலியில் அமர்ந்திருப்பவர் அவர்மீது சுமத்தக்கூடிய ஒன்றன்று.

உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்களின் கால் துண்டிக்கப்பட்டபோது, அறிவை மயக்கும் மருந்தை அவர்கள் மறுத்ததாகக் கூறப்படும் சம்பவத்தை நம் பயான்களில் உருக்கத்துடன் கேட்டிருப்போம். அது அவர்கள் தமக்காகத் தேர்ந்துகொண்ட உயர்ந்த நிலை. மற்றொருவரின் உடலுக்கு அதைச் சட்டமாக்க நமக்கு உரிமையில்லை. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், அழுகிய உறுப்பை வெட்டி எடுப்பதற்காக அறிவை மயக்கும் மருந்தை உட்கொள்வது பற்றி ஆராய்ந்து, அது கூடும் என்ற கருத்தையே சரியானதாகக் கொண்டார்கள்.

இரண்டாவது, “அது போதைப்பொருள், ஹராம் அல்லவா?” போதைக்காக உட்கொள்வது ஹராம் என்பதில் ஐயமில்லை. நிர்ப்பந்த நிலையில் உள்ளவர், வரம்பு மீறாமல், தேவையின் அளவுக்குப் பயன்படுத்தினால் குற்றமில்லை என்பது ஸூரத்துல் பகராவின் 173-ஆம் வசனத்திலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த விதி. நம் காலத்து மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர், நம்பகமான மருத்துவர் அளவிட்டுத் தரும் இத்தகைய மருந்தை அனுமதித்துள்ளனர். இந்த மருந்தால் ஆயுள் குறையும் என்ற அச்சமும் இதனுடன் சேர்ந்து வருகிறது. சிறிய அளவில் தொடங்கி, வலிக்கேற்பப் படிப்படியாக உயர்த்தினால், மூச்சு ஒடுங்கும் ஆபத்து அரிது என்பது பல்லாண்டு மருத்துவ அனுபவம். உயிரைப் போக்கும் நோக்குடன் மருந்தைச் செலுத்துவது கொலை. நோயாளி தாமே கேட்டாலும் அது ஹராம்தான். வலியைத் தணிக்கும் நோக்குடன், வலிக்குத் தேவையான அளவு கொடுப்பது சிகிச்சை. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மூன்றாவது தயக்கமே மிகவும் கனமானது. சில ஆண்டுகளுக்கு முன் என் மதரஸா மாணவன் ஒருவனுடைய தந்தை, இஷாவுக்குப் பிறகு என்னை அழைத்தார். “ஹஜ்ரத், அத்தாவுக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருக்காங்க. குடுத்தா மயக்கமாவே இருந்து, மவுத்து நேரத்துல கலிமா சொல்ல முடியாமப் போயிடுமோன்னு அம்மா பயப்படுறாங்க. மூணு நாளா மாத்திரையைப் பீரோவுல வச்சுப் பூட்டிட்டாங்க” என்றார். பின்னணியில் அந்தப் பெரியவரின் முனகல் எனக்குக் கேட்டது.

அந்த அம்மாவின் அச்சத்தை நான் குறை கூற மாட்டேன். ஐம்பது ஆண்டு உடன் வாழ்ந்த கணவரின் இறுதிச் சொல் லாஇலாஹ இல்லல்லாஹ்வாக இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தைவிட உயர்ந்த அன்பு எது? ஆனால் நான் அவர்களிடம் கேட்டது ஒன்றே: “இந்த மூன்று நாட்களில் அவர் எத்தனை வக்து தொழுதார்?” ஒரு வக்தும் தொழவில்லை. வலி அவருடைய நாவையும் நினைவையும் ஏற்கெனவே பறித்துக்கொண்டிருந்தது. கடும் வலியும் அறிவை மறைக்கக் கூடியதே என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

மாத்திரை கொடுக்கப்பட்டது. முதல் இரு நாட்கள் அவர் அதிகமாகத் தூங்கினார். உறங்காத இரவுகளின் களைப்பும் அதில் சேர்ந்திருந்தது. பிறகு தூக்கக் கலக்கம் குறைந்தது. தயம்மும் செய்வித்துத் தரக் கேட்டு, படுத்தவாறே சைகையால் தொழுதார். கொடுக்கல் வாங்கல் இரண்டை மகனிடம் சொல்லித் தீர்க்கச் செய்தார். தம்பியை வரவழைத்து, பழைய மனஸ்தாபத்துக்காக ஹலால் கேட்டுக்கொண்டார். இறுதி நாளில் நினைவு மங்கித்தான் கிடந்தார். மகன் காதருகே கலிமாவை மெல்லச் சொன்னார். உதடுகள் அசைந்தன என்கிறார் மகன். அசையவில்லை என்கிறார் மகள். அல்லாஹ்வே நன்கறிந்தவன். ஆனால் அந்த நாட்களின் தொழுகையையும் அந்தச் சமாதானத்தையும் அவர்கள் இருவருமே கண்டனர்.

நினைவு தெளிவாக இருக்க வேண்டும், சற்று வலியிருந்தாலும் பரவாயில்லை என்று நோயாளி தாமே விரும்பினால், அவ்விருப்பத்தை மருத்துவரிடம் சொல்லலாம். மருந்தின் அளவையும் நேரத்தையும் அதற்கேற்ப மாற்றி அமைப்பார்கள். தீர்மானிக்க வேண்டியவர் நோயாளி. கலிமாவைச் சொல்லிக்கொடுப்பதிலும், திரும்பத் திரும்ப வற்புறுத்தி அவரைச் சலிப்படையச் செய்யக் கூடாது என்று உலமாக்கள் எச்சரித்துள்ளனர். ஒருமுறை அவர் சொல்லிவிட்டு வேறு பேச்சு பேசாதிருந்தால் மீண்டும் தூண்ட வேண்டியதில்லை.

நபியவர்களின் இறுதி நேரம் கற்பிப்பவை

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் இறுதி நாட்களை ஸீரத் நூல்களில் படிக்கிறோம். நோயாளியைப் பராமரிக்கும் கண்ணோட்டத்துடன் அவற்றை மறுபடி படிக்க வேண்டும். அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் மார்பில் சாய்ந்திருந்தார்கள். அருகில் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் இருந்தது. அதில் கையை நனைத்து முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மரணத்துக்கு வேதனைகள் உண்டு என்று வாய்விட்டுச் சொன்னார்கள். மிஸ்வாக்கை அவர்கள் நோக்கியதைக் கண்ட ஆயிஷா (ரலி) அவர்கள், அதை மென்று மிருதுவாக்கிக் கொடுத்தார்கள். சாய்ந்துகொள்ள ஒரு மார்பு, முகத்துக்குக் குளிர்ந்த நீர், வாய்க்குத் தூய்மை, பார்வையாலேயே தேவையை அறிந்துகொள்ளும் துணை. இறுதிநிலை நோயாளிக்குத் தர வேண்டிய ஆறுதல் இதில் அடங்கியிருக்கிறது.

அந்நோயின்போதே இன்னொரு சம்பவமும் நிகழ்ந்தது. நபியவர்கள் வேண்டாமென்று சைகை செய்தும், நோயாளிக்கு மருந்தின்மீது ஏற்படும் இயல்பான வெறுப்பே அது என்று கருதிய குடும்பத்தார், வாயோரத்தில் மருந்தை ஊற்றினர். தெளிவு பெற்றதும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். புகாரியில் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியை நம் வீடுகள் நினைவில் கொள்ள வேண்டும். உடல் மூடத் தொடங்கும் நேரத்தில் பசியும் தாகமும் தாமாகவே குறைந்துவிடும். அப்போது கஞ்சியையோ தேனையோ ஸம்ஸம் நீரையோ வற்புறுத்தி ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கித் திணறச் செய்யும். ஸம்ஸமில் பஞ்சை நனைத்து உதடுகளையும் நாவையும் ஈரப்படுத்துங்கள். பரக்கத்தும் கிடைக்கும், வறட்சியும் தீரும்.

மருத்துவமனைக்கா, வீட்டிலேயேவா?

நள்ளிரவு நெருக்கடியில் பதறி 108-ஐ அழைக்கிறோம். ஆம்புலன்ஸ் ஊழியர் தம் கடமைப்படி அவரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வார். அங்குள்ள இளம் மருத்துவருக்கு இவரின் நோய் வரலாறு தெரியாது. தீவிர சிகிச்சைப் பிரிவு, செயற்கைச் சுவாசக் குழாய் என்று அடுத்தடுத்து நடக்கும். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நாம். உள்ளே யாஸீன் ஓதவோ, கலிமாவை நினைவூட்டவோ, கிப்லாவின் பக்கம் திருப்பிப் படுக்கவைக்கவோ ஒருவருமில்லாமல் உயிர் பிரியும்.

நான் மருத்துவமனைக்குப் போகவே கூடாது என்று சொல்லவில்லை. திடீரெனக் கால்கள் செயலிழந்தால், அது முதுகுத்தண்டு அழுத்தமாக இருக்கலாம். விரைந்து சிகிச்சை பெற்றால் நடமாட்டத்தைக் காக்க முடியும். எலும்பு முறிவு, சிறுநீர் அடைப்பு, சரிசெய்யக்கூடிய நோய்த்தொற்று ஆகியவற்றுக்கும் மருத்துவமனை தேவை. எதற்குப் போவது, எதற்குப் போகாமல் வீட்டிலேயே வைத்துப் பார்ப்பது என்பதை நோயாளியும் குடும்பமும் மருத்துவரும் முன்னதாக அமர்ந்து பேசி எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

பலனில்லை என்று மருத்துவர்கள் தீர்மானித்த உயிர்காப்புக் கருவிகளை மறுப்பது தற்கொலையாகாது. வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி, குணமடைய துஆ கேட்டபோது, பொறுமையா துஆவா என்று தேர்ந்துகொள்ள நபியவர்கள் அவருக்கு வாய்ப்பளித்த ஹதீஸ் ஸஹீஹானது. நம் நாட்டுச் சட்டமும், 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின் மூலம், இத்தகைய விருப்பத்தை முன்கூட்டியே எழுதி வைக்க அனுமதிக்கிறது. அதன் நடைமுறைகள் 2023-இல் எளிமையாக்கப்பட்டன.

ஆனால் பேசுவதற்கு, நோயாளிக்கு உண்மை தெரிந்திருக்க வேண்டும். “அவருக்குச் சொல்லிவிடாதீர்கள், தாங்க மாட்டார்” என்று மறைப்பது நம் குடும்பங்களில் பாசமாகக் கருதப்படுகிறது. வஸிய்யத் எழுத வேண்டியவர், கடனைத் தீர்க்க வேண்டியவர், விடுபட்ட ஜகாத்தையும் நோன்பின் ஃபித்யாவையும் கணக்கிட வேண்டியவர், தம் நிலையை அறியாமலே போய்ச்சேருகிறார். வஸிய்யத் செய்யத் தக்கது ஏதேனும் உள்ளவர், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகளைக் கழிக்கக் கூடாது என்று நபியவர்கள் அறிவுறுத்தினார்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்ட வேண்டியதில்லை. அவர் கேட்பதற்கு, கேட்கும் அளவுக்கு, பொய்யின்றிப் பதில் சொன்னால் போதும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

அண்டை மாநிலத்தை நோக்குவோம். 1993-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியில் சில மருத்துவர்கள் ஒரு சிறு வலிநிவாரண அமைப்பைத் தொடங்கினர். பின்னர் மலப்புறம் மாவட்டத்தில் அது தெருத்தெருவாகப் பரவியது. கடைக்காரர்கள், ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், மாணவர்கள் பயிற்சி பெற்று, தம் பகுதி நோயாளிகளின் வீடுகளுக்குச் சென்றனர். சாமானியர்களின் சிறு நன்கொடைகளே பெரும்பாலும் செலவை ஈடுகட்டின. 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது. முஸ்லிம்கள் பெருவாரியாக வாழும் ஒரு மாவட்டம் அனைத்துச் சமய மக்களோடும் கைகோத்துச் செய்த இப்பணி, இன்று பல நாடுகள் வந்து கற்கும் முன்மாதிரியாக இருக்கிறது.

தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து வலிநிவாரண ஆதரவு சிகிச்சை தரும் சேவையும் அடங்கும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்தால் செவிலியர் வருவார். நம் மஹல்லாவில் எத்தனை நோயாளிகள் அப்படிப் பதிவு செய்யப்பட்டிருக்கிறார்கள்? அந்த வருகை பகலுக்கானது. இரவை நிரப்ப வேண்டிய பொறுப்பு நம்முடையது. ஒவ்வொரு ஜமாஅத்தும் தொடங்கக்கூடியவையாக எனக்குத் தோன்றுபவை இவை:

ஒன்று, நான்கு ஆண்களும் நான்கு பெண்களும் கொண்ட ஒரு குழு. அருகிலுள்ள மருத்துவமனையின் வலிநிவாரணப் பிரிவில் அடிப்படைப் பயிற்சி பெற வேண்டும். பெண் நோயாளிகளின் அவ்ரத்தைப் பேணிப் பராமரிக்கப் பெண்கள் அவசியம். குழுவினர் தாமாக மருந்து கொடுக்கக் கூடாது. புரட்டிப் படுக்கவைத்தல், புண்ணைத் துடைத்தல், வீட்டாரை உறங்கச் சொல்லிவிட்டுத் தாம் விழித்திருத்தல், செவிலியரை அழைத்தல் ஆகியவை அவர்களின் பணி.

இரண்டு, இரவில் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண். அதற்கு ஒரு மருத்துவரோ செவிலியரோ பதில் சொல்ல ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நம் சமுதாயத்தில் மருத்துவர்கள் குறைவில்லை. மாதத்துக்கு இரண்டு இரவுகள் என்று பகிர்ந்துகொண்டால் எவருக்கும் பாரமாகாது.

மூன்று, பொருள் வைப்பறை. உயர்த்தித் தாழ்த்தும் கட்டில், படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை, சக்கர நாற்காலி, மலச்சட்டி. கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய ஆக்சிஜன் செறிவூட்டி எந்தப் பள்ளிவாசலிலாவது தூசு படிந்து கிடந்தால், அதைப் பழுது பார்த்து வைக்கலாம். சந்தூக்கு வைத்திருக்கும் அறையிலேயே இவற்றுக்கும் இடமிருக்கும்.

நான்கு, ஒவ்வொரு நோயாளியின் வீட்டிலும் மருத்துவர் முன்கூட்டியே எழுதித் தந்த மருந்துகளின் பெட்டியும், நோய் விவரமும் மருத்துவரின் எண்ணும் நோயாளியின் விருப்பமும் எழுதிய கடிதமும் இருக்கிறதா என்று உறுதிசெய்தல். மவுத்து நிகழ்ந்த பின் இறப்புச் சான்றிதழ் பெறவும் அக்கடிதம் உதவும். பெட்டி பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டப்பட்டிருக்க வேண்டும், சாவி எங்கே என்பது இரவில் விழித்திருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எஞ்சிய மார்ஃபினை மருத்துவமனையிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பணத்தைப் பொறுத்தவரை ஒரு விளக்கம். ஏழை நோயாளிக்கு மருந்துச் செலவுக்காக ஜகாத்தை அவர் கையில் கொடுக்கலாம். கட்டில், மெத்தை போன்ற பொதுப் பொருள்களை ஜகாத்திலிருந்து வாங்காமல், ஸதகாவாகவோ வக்ஃபாகவோ ஏற்படுத்துவதே பேணுதலானது. மறைந்த பெற்றோரின் நன்மைக்காக ஸதகத்துல் ஜாரியா தேடுவோர், ஒரு காற்று மெத்தையை வக்ஃபு செய்யலாம். அதன்மீது வலியின்றி உறங்கும் ஒவ்வொரு நோயாளியின் துஆவும் அவர்களுக்குச் சேரும், இன்ஷா அல்லாஹ்.

ஐந்து, மிம்பர். ஆண்டுக்கு ஒரு ஜும்ஆவிலேனும் இமாம்கள் இதைப் பேச வேண்டும். மேற்கண்ட மூன்று தயக்கங்களையும் மிம்பரிலிருந்து தெளிவாக்கினால், பீரோவில் பூட்டப்பட்ட மாத்திரைகள் வெளியே வரும்.

நோயுற்றிருந்தேன், நீ ஏன் என்னை நலம் விசாரிக்க வரவில்லை என்று மறுமையில் அல்லாஹ் தன் அடியானிடம் கேட்பான் என்ற கருத்தில் முஸ்லிமில் ஒரு ஹதீஸ் குத்ஸீ இருக்கிறது. இன்ன அடியான் நோயுற்றிருந்தானே, அவனிடம் சென்றிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாயே என்பதே அதற்கான விளக்கமாக வரும். அடக்கம் செய்யும் கடமையில் நாம் ஒருபோதும் பின்தங்கியதில்லை. அதற்கு முந்திய இரவுகளைப் பற்றியும் நாம் கேட்கப்படுவோம். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எழுதிக் கொடுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளின் வேதனையை இலகுவாக்குவானாக. அவர்களின் அருகில் விழித்திருக்கும் உறவினர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. நம் அனைவரின் முடிவையும் ஈமானுடன் கூடிய நல்முடிவாக்குவானாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.